பத்மநாபபுரம் அரண்மனை: காப்பதில் தேர்ச்சி, சொல்வதில் தயக்கம்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்கு அருகே, வேளிமலையின் அடிவாரத்தில் நிற்கும் பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது. ஆனால் அதன் சாவி கேரள அரசின் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தென் திருவிதாங்கூர் வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அரண்மனையும் அதைச் சேர்ந்த வளாகமும் மட்டும் கேரளத்தின் பொறுப்பிலேயே தொடர்ந்தன. ஒரு மாநிலத்தின் மண்ணில் இன்னொரு மாநிலம் ஓர் அருங்காட்சியகத்தை நடத்துவது அரிதினும் அரிது. அதைக் குறையாகச் சொல்வோர் எங்கள் வட்டாரத்தில் உண்டு. அரண்மனையின் உள்ளே நடந்து பார்த்த எவரும் அந்தக் குறையை உரத்துச் சொல்லத் தயங்குவார்கள் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் தென் தமிழகத்தில் மரத்தால் ஆன பழைய கட்டடம் ஒன்று இந்த அளவுக்கு முழுமையாகவும் தூய்மையாகவும் காக்கப்பட்டிருப்பதை வேறெங்கும் நான் கண்டதில்லை. இந்த மதிப்புரை அந்தப் பாராட்டோடு தொடங்குகிறது. கட்டடத்தைக் காத்த அளவுக்கு அதைச் சுற்றியிருந்த நாட்டின் வரலாற்றைச் சொல்லியிருக்கிறார்களா என்ற கேள்விதான் இதில் நான் விரித்துப் பேச விரும்புவது.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருவிதாங்கூருக்கு முன்னோடியான வேணாட்டின் அரசர்களுக்கு இருப்பிடமாக இங்கே 16-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கொட்டாரம், அதாவது அரண்மனை, இருந்தது. இன்று தாய்க் கொட்டாரம் என்று அழைக்கப்படும் பகுதி அந்தப் பழைய அடுக்கைச் சேர்ந்தது. இரவிவர்ம குலசேகரப் பெருமாள் காலத்தில், 1601-ஆம் ஆண்டு வாக்கில், அரண்மனை வளாகம் உருப்பெற்றது. 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்டவர்மர் சிதறிக் கிடந்த சிற்றரசுகளை ஒன்றாக்கித் திருவிதாங்கூரை உருவாக்கியபின், 1750-இல் நாட்டையே ஸ்ரீபத்மநாப சுவாமிக்கு அர்ப்பணித்து, அவருடைய அடியாராக நின்று ஆளுவதாக அறிவித்தார். கல்குளம் என்று வழங்கிவந்த ஊர் பத்மநாபபுரம் ஆனதும், அரண்மனையின் பெரும்பகுதி இன்றைய வடிவத்தை அடைந்ததும் அந்தக் காலத்தில்தான். 1795-இல் கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் தலைநகரைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றிக்கொண்டார். தலைநகர் போய்விட்டது இந்தக் கட்டடத்துக்கு நல்லதாகவே முடிந்தது என்பது என் எண்ணம். அரசும் அலுவலகங்களும் இங்கேயே தங்கியிருந்தால், 19-ஆம் நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பிய பாணியில் இடித்தும் மாற்றியும் கட்டியிருப்பார்கள்.

வாசலைக் கடந்து சென்றால் முதலில் வருவது பூமுகம். அரசர் பொதுமக்களையும் விருந்தினரையும் சந்தித்த இந்த முகப்புக் கூடத்தின் மேற்கூரையை அண்ணாந்து பார்க்காமல் யாரும் கடந்து போவதில்லை. மரத்தில் செதுக்கிய தொண்ணூறு மலர்கள் அங்கே உள்ளன. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. தாமரையை ஒத்த ஒரு மலரின் இதழ்கள் வெளிப்பக்கம் மடங்கியிருக்கும். அதற்கு அடுத்ததன் இதழ்கள் உள்நோக்கிக் குவிந்து, ஒவ்வோர் இதழின் நடுவிலும் நரம்பு ஓடும். உளி நழுவியிருந்தால் திருத்த வழியில்லாத வேலை இது. கூடத்தின் நடுவே வெண்கலச் சங்கிலியில் தொங்குகிறது குதிரை விளக்கு. குதிரையின் மேல் வீரன் அமர்ந்திருக்கும் அந்த விளக்கை எந்தத் திசைக்குத் திருப்பினாலும் அது அந்தத் திசையிலேயே நிற்கும் என்று வழிகாட்டிகள் சொல்கிறார்கள். சங்கிலியின் கண்ணிகள் கோக்கப்பட்டிருக்கும் விதத்தை உற்றுப் பார்த்தால் அந்தப் பேச்சை நம்பத் தோன்றுகிறது. சீன வணிகர்கள் அளித்ததாகச் சொல்லப்படும் நாற்காலி, வெயில் காலத்துக்கான வழவழப்பான கருங்கல் கட்டில், ஓணத்துக்குக் காணிக்கையாக வந்த வண்ண ஓணவில்கள் ஆகியவையும் இங்கேதான் இருக்கின்றன. நேரம் குறைவாக உள்ளவர்களும் பூமுகத்தில் கால் மணி நேரமாவது நிற்க வேண்டும். ஒரு பெரிய குழுவோடு சேர்ந்து நுழைந்தால் அது முடியாது.

படியேறினால் மந்திரசாலை. அரசர் அமைச்சர்களோடு ஆலோசித்த கூடம். அதன் சாளரங்களில் மைக்கா என்று நாம் சொல்லும் அப்பிரகத் தகடுகளைப் பதித்திருக்கிறார்கள். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் உள்ளே நிறம் கலந்த மங்கலான ஒளிதான் வரும். மரச்சட்டங்களைச் சாய்வாக நெருக்கிப் பொருத்தியிருப்பதால் காற்று தடையின்றி நுழைகிறது, வெப்பம் வெளியிலேயே நின்றுவிடுகிறது. ஆனால் இங்கே பேச வேண்டியது தரையைப் பற்றித்தான். சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, எரித்த சிரட்டையின் கரி, சில தாவரச் சாறுகள் ஆகியவற்றைச் சேர்த்து இழைத்த கருந்தரை அது. ஓரமாகக் குனிந்து பார்த்தால் சாளரத்தின் சட்டங்கள் ஒவ்வொன்றும் தரையில் தலைகீழாகத் தெரியும். இன்று நாம் வீட்டில் போடும் பளபளப்புக் கல் கண்ணைக் கூசச் செய்கிறது. இந்தத் தரையில் அந்தக் கூச்சம் இல்லை, ஒளி அதன்மேல் விழுந்து தங்குவதுபோல் இருக்கிறது. காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடக்கச் சொல்லும் விதி இங்கே சடங்காக அல்ல, காப்பு முறையாகவே பொருள் தருகிறது. காலணியின் அடியில் ஒட்டிவரும் மணல் ஒரே பருவத்தில் இந்தத் தரையைக் கீறிப் பாழாக்கிவிடும்.

மணிமாளிகையின் கடிகாரம் எடைக்கற்களின் இழுப்பில் ஓடும் பழைய பொறி. ஊர்க் கொல்லர் ஒருவர் செய்தது என்பது செவிவழிச் செய்தி. அதற்கப்பால் வருகிற ஊட்டுப்புரை எழுபது மீட்டருக்கும் கூடுதலான நீளமுள்ள, இரண்டு தளம் கொண்ட உணவுக்கூடம். ஆயிரம் பிராமணர்கள் ஒரே வேளையில் அமர்ந்து உண்ண இங்கே இடமிருந்தது. ஊறுகாய் வைத்திருந்த சீனப் பரணிகள் ஆளுயரத்துக்குச் சற்றே குறைவாக வரிசையில் நிற்கின்றன. அந்த நீண்ட வெற்றுக் கூடத்தில் நின்றபோது எனக்கு எழுந்த கேள்வி எளியது: இத்தனை பேருக்குத் தினமும் வடித்துக் கொட்டிய சோற்றுக்கு நெல் எங்கிருந்து வந்தது? நாஞ்சில்நாட்டு வயல்களிலிருந்து என்பது மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். அந்த வயல்களை உழுதவர் யார், நாற்று நட்டவர் யார், எவ்வளவு வரி கட்டினார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கூடத்தின் வாசலைக்கூடக் கடக்க உரிமை இருந்தது என்பதெல்லாம் வெளியூர்க்காரர்களுக்கும் தெரிய வேண்டிய செய்திகள். ஊட்டுப்புரையில் ஒரே ஒரு விளக்கப் பலகை, ஒரு நெல்மணியின் வழியை வயலிலிருந்து இலைவரை காட்டினால், இந்த அரண்மனை ஒரு நாட்டின் அரண்மனையாகப் புரிந்துவிடும். இப்போதைக்கு அது பெரிய கூடம் என்ற வியப்பாகவே மனத்தில் தங்குகிறது.

தாய்க் கொட்டாரத்தின் ஏகாந்த மண்டபத்தில் ஒரே பலாமரத்தில் கடைந்த தூண் ஒன்று உண்டு, கன்னித்தூண் என்பார்கள். அதன் அடிமுதல் முடிவரை ஓடும் பூவேலைப்பாட்டைப் பார்க்கும்போது, கல்லைக் குடைந்து நுணுக்கம் காட்டிய மரபும் மரத்தைக் கடைந்து நுணுக்கம் காட்டிய மரபும் இந்த மாவட்டத்தில் ஒன்றையொன்று பார்த்துக் கற்றிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. கல்தூண் வேலைப்பாட்டுக்குப் பெயர்பெற்ற சுசீந்திரம் கோயில் இங்கிருந்து தொலைவில் இல்லை. நடுமுற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் தாழ்வாரம் ஓடும் நாலுகெட்டு அமைப்பை அரண்மனையில் காண்பதற்கும், கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் எஞ்சியுள்ள பழைய வீடுகளில் காண்பதற்கும் அளவிலும் செலவிலும்தான் வேறுபாடு; இலக்கணம் ஒன்றே. அந்த வீடுகள் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றன. கூரை இறக்கியதும் உத்திரமும் கழுக்கோலும் நிரைப்பலகையும் பழைய மரச்சாமான் வியாபாரிகளின் லாரியில் ஏறி, எங்கோ ஒரு விடுதியின் வரவேற்பறையில் போய் நிற்கின்றன. அரண்மனையைப் பார்த்து வியக்கிற பேரனே தன் தாத்தாவின் நாலுகெட்டை இடித்துவிட்டுக் கான்கிரீட் போடுகிறான் என்றால், அருங்காட்சியகம் அவனிடம் ஏதோ ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.

உப்பரிகை மாளிகை நான்கு தளங்கள் கொண்டது. கீழ்த்தளம் கருவூலம், அதற்கு மேல் அரசரின் படுக்கையறை, அதில் அறுபதுக்கும் மேற்பட்ட மூலிகை மரத் துண்டுகளால் ஆனதாகச் சொல்லப்படும் கட்டில், உச்சித் தளம் பத்மநாப சுவாமிக்கான வழிபாட்டு அறை. அந்த அறையின் சுவர்கள் முழுவதும் 18-ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் நிறைந்துள்ளன. காவியும் மஞ்சளும் பச்சையும் கலந்து, அனந்தசயனம் முதலான காட்சிகளை இடைவெளியின்றித் தீட்டிய கேரளச் சுவரோவிய மரபின் முதன்மையான எடுத்துக்காட்டுகளில் இது ஒன்று. பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. இதைக் குறைகூறப் போவதில்லை. குறுகிய மரப்படியில் நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் ஏறி இறங்கினால் படியும் தாங்காது. மூச்சின் ஈரமும் வியர்வையும் சுண்ணச்சாந்தின்மேல் படிந்து வண்ணத்தை உதிர்த்துவிடும். ஆனால் மூடி வைப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. அந்த நான்கு சுவர்களையும் உள்ளது உள்ளபடி பெரிய அளவில் படமெடுத்துக் கீழே ஒரு கூடத்தில் அதே அளவில் நிறுத்தினால், பார்க்க வருகிறவர் மூலத்தை விடவும் நிதானமாக அவற்றைப் பார்க்கலாம். இன்றைய அச்சுத் தொழில்நுட்பத்துக்கு இது பெரிய வேலை அல்ல. வளாகத்தில் கூடங்களுக்கும் பஞ்சம் இல்லை.

நவராத்திரி மண்டபம் மட்டும் மரத்தை விட்டுவிட்டுக் கல்லுக்கு மாறுகிறது. செதுக்கிய கல்தூண்கள், மீண்டும் அந்தக் கருங்கண்ணாடித் தரை, ஒரு பக்கம் அரச குடும்பத்துப் பெண்கள் வெளியே தெரியாமல் அமர்ந்து இசையும் நடனமும் பார்த்த மரத்தடுப்பு. பக்கத்திலேயே சரஸ்வதி கோயில். அந்தச் சிலை கம்பர் வழிபட்டது, அவர் சேர மன்னரிடம் ஒப்படைத்தது என்பது ஊர் வழக்கு. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன் இந்தச் சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரத்துக்குப் புறப்படுகிறார்கள். புறப்படும் நாளில் உப்பரிகை மாளிகையில் மன்னரின் உடைவாளைக் கைமாற்றும் சடங்கு நடக்கிறது. தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநிலக் காவல்துறையினரும் மரியாதை செலுத்துகிறார்கள். அருங்காட்சியகம் என்றால் கயிறு கட்டிய பொருள்களின் கிடங்கு என்று நினைப்பவர்கள் அந்த ஒரு நாளில் வந்து பார்க்க வேண்டும். வாள் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பொருளாக இல்லை; கையில் ஏந்தி நடக்கிறார்கள். வழியெங்கும் வீட்டு வாசல்களில் விளக்கேற்றித் தட்டம் வைத்துக் காத்திருக்கிறார்கள். 1956-இல் போட்ட எல்லைக்கோடு அந்த ஊர்வலத்துக்குத் தடையாக நின்றதில்லை. ஆண்டு முழுவதும் நடக்க வேண்டிய வரலாற்றுப் பகிர்வுக்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் இருக்க முடியாது.

இனி, காப்புப் பணிக்கு வருகிறேன். அரண்மனையை 1935-ஆம் ஆண்டு வாக்கில் அருங்காட்சியகமாக மாற்றியவர் கடைசி மன்னரான ஸ்ரீசித்திரைத் திருநாள் பாலராமவர்மர். அந்தப் பணியை முன்னின்று நடத்தியவர் திருவிதாங்கூர்த் தொல்லியல் துறையின் ஆர். வாசுதேவப் பொதுவாள். அதே மன்னர் 1936 நவம்பர் 12 அன்று ஆலய நுழைவுப் பிரகடனத்தை வெளியிட்டார். அரசரின் வீடும் ஆண்டவரின் வீடும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் எல்லாருக்கும் திறந்தன என்று சொல்லலாம். இந்த நெருக்கத்தை இங்கே யாரும் சுட்டிக்காட்டுவதில்லை என்பது எனக்கு வியப்பு. இரண்டு பருவமழையும் பெய்யும் நிலத்தில் மரக்கட்டடத்தை நிறுத்திவைப்பது ஓய்வில்லாத வேலை. ஓட்டில் ஒரு விரிசல் விழுந்தால் நீர் உத்திரத்தில் இறங்கும். உத்திரம் நனைந்தால் கரையான் ஏறும். கரையான் ஏறியது வெளியே தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். எனவே ஓட்டைத் திருப்பி அடுக்குவது, மரத்தைத் துடைத்து எண்ணெய் காட்டுவது, சுவரின் அடியில் ஈரம் ஏறாமல் நீரை வடிப்பது ஆகிய எளிய வேலைகளை இடைவிடாமல் செய்தால்தான் கட்டடம் நிற்கும். பெருந்தொகை ஒதுக்கிப் பத்தாண்டுக்கு ஒருமுறை செய்யும் புதுப்பிப்பு இங்கே பயன்படாது. பத்மநாபபுரத்தில் அந்த அன்றாடப் பராமரிப்பு நடந்துவருவது கண்ணுக்குத் தெரிகிறது. புதிதாக வைத்த மரம் பழைய மரத்தின் அளவிலும் இழைப்பிலும் பொருந்தி நிற்கிறது. சிமெண்டைக் கண்டபடி பூசிய இடம் என்று எதுவும் என் கண்ணில் படவில்லை. உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் 2014 முதல் இந்த அரண்மனை இடம்பெற்றிருப்பதில் வியப்பில்லை.

ஆனால் சொல்லும் விதம் காக்கும் விதத்துக்கு இணையாக இல்லை. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு வழிகாட்டி நின்று தமிழிலும் மலையாளத்திலும் விளக்கும் முறை நல்ல முறை. பலகையை மட்டும் நட்டுவைத்துவிட்டுக் கைகழுவுவதைவிட எவ்வளவோ மேல். அந்த விளக்கங்கள் பெரும்பாலும் எண்களிலும் விந்தைகளிலும் நின்றுவிடுகின்றன என்பதுதான் என் வருத்தம். தொண்ணூறு மலர்கள், அறுபதுக்கும் மேற்பட்ட மரங்கள், ஆயிரம் பேர் உண்ட கூடம், சாரோட்டுக் கொட்டாரம்வரை போகும் சுரங்கப்பாதை, படையில் சேர விரும்பியவன் தூக்க வேண்டியிருந்த கல் உருண்டை. குழந்தைகளுக்கு இவை பிடிக்கும், பெரியவர்களுக்கும்தான். ஒரு மலையாளத் திரைப்படத்தின் பெயரைச் சொல்லி, அந்தக் காட்சி எடுத்த இடம் எது என்று கேட்பவர்களும் ஏராளம். அதற்கும் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். இதற்கெல்லாம் நடுவே, இங்கிருந்து ஆண்டவர்கள் என்ன சட்டம் போட்டார்கள், யாரைத் தண்டித்தார்கள், யாரிடமிருந்து வரி வாங்கினார்கள் என்ற வரலாறு நழுவிப்போகிறது.

ஒன்றிரண்டு எடுத்துக்காட்டு போதும். நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை மார்த்தாண்டவர்மரின் அரசில் பணியாற்றியவர். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார்; கைதாகி, பல துன்பங்களுக்குப்பின் 1752-இல் ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று வத்திக்கானில் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கப்பட்டபோது இந்த மாவட்டமே விழாக் கோலம் கொண்டது. அவர் வாழ்வின் முற்பகுதி நடந்த ஊர் இதுதான். அடுத்தது தோள்சீலைப் போராட்டம். மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் நடத்திய அந்தப் போராட்டம் 1820-களில் கல்குளம், இரணியல் வட்டாரங்களில் கிளம்பி, பத்மநாபபுரம் நீதிமன்றம்வரை வந்து, 1859-இன் அரச அறிவிப்பில்தான் ஓரளவு முடிவுக்கு வந்தது. இவை அரச குடும்பத்தைச் சிறுமைப்படுத்தும் செய்திகள் என்று அஞ்சத் தேவையில்லை. பூமுகத்து மலர்களைச் செதுக்கிய ஆசாரியின் பெயரும் நமக்குத் தெரியாது, இந்த வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பெயரும் தெரியாது; இருவருக்கும் சேர்த்து ஒரு கூடம் ஒதுக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. அரண்மனையைப் பார்க்க வருகிற உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அப்படி வெளியே நின்றவர்களின் வழிவந்தவர்கள்.

நுழைவாயிலுக்கு அருகே தனிக் கட்டடத்தில் உள்ள தொல்பொருள் காட்சிக்கூடத்தைப் பலர் கடைசியில் வைத்துக்கொள்கிறார்கள். பாதிப்பேர் கால் வலித்து அதைத் தவிர்த்தே விடுகிறார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். கல்வெட்டுகளும் மரச்சிற்பங்களும் படைக்கலங்களும் காசுகளும் அங்கே உள்ளன. இந்த நாட்டின் பழைய ஆவணங்களில் தமிழும் வட்டெழுத்தும் எவ்வளவு ஆழமாகக் கலந்திருந்தன என்பதை அரண்மனையின் அறைகளைவிட அந்தக் கற்கள்தான் எடுத்துச் சொல்கின்றன. இன்றைய இரு மாநிலப் பெருமைகளும் பிறப்பதற்கு முன் எழுதப்பட்டவை அவை. கல்வெட்டுக்குக் கீழே அது எங்கே கிடைத்தது, எந்த நூற்றாண்டு என்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், வாசகத்தின் ஒரு வரியையாவது இன்றைய எழுத்தில் பெயர்த்து எழுதி வைத்தால் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு சிறுமி அதன்முன் ஐந்து நிமிடம் கூடுதலாக நிற்பாள்.

அரண்மனைக்கு வெளியே நிலைமை இன்னும் சிக்கல். ஏறத்தாழ 186 ஏக்கர் பரப்புள்ள கோட்டையின் நடுவே ஆறரை ஏக்கர்தான் அரண்மனை. மிச்சமெல்லாம் வீடுகளும் தெருக்களும் குளங்களும் கோயில்களும். அரண்மனை கேரளத் தொல்லியல் துறையிடம். நீலகண்டசுவாமி கோயிலும், இராமாயணக் காட்சிகளை மரப்பலகைகளில் செதுக்கிய இராமசாமி கோயிலும் தமிழ்நாட்டு அறநிலையத் துறையிடம். இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டை வனத்துறையின் பூங்காவாக இருக்கிறது. ஒரே அரசின் கீழ் வளர்ந்த இடங்கள் இவை. பார்க்க வருகிறவர் ஓர் இடத்தில் நுழைவுச்சீட்டு வாங்கி வெளியே வந்தால், அடுத்த இடம் இருப்பதையே அறியாமல் கன்னியாகுமரிக்கு வண்டியேறிவிடுகிறார். மூன்று துறைகளும் சேர்ந்து ஒரே ஒரு வரைபடத்தை அச்சிட்டு நுழைவுச்சீட்டோடு கொடுக்க எவ்வளவு செலவாகிவிடும்?

பயணத்துக்குத் தேவையானவற்றைச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை விடுமுறை. மற்ற நாள்களில் காலை ஒன்பது மணிக்குத் திறப்பார்கள். நண்பகல் ஒரு மணி முதல் இரண்டு மணிவரை உணவு இடைவேளை. மாலை நான்கரைக்குமேல் உள்ளே விடுவதில்லை. எனவே பதினொன்றரை மணிக்கு வந்து நிற்பது நல்ல திட்டம் அல்ல. நுழைவுக் கட்டணம் எளியவர்களுக்கும் கட்டுப்படியாகும் அளவில்தான் இருக்கிறது. கேமராவுக்குத் தனியே செலுத்த வேண்டும். காலணியை வெளியே விட வேண்டும். செங்குத்தான மரப்படிகளும் தாழ்ந்த நிலைப்படிகளும் நிறைய இருப்பதால் மூட்டுவலி உள்ள முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள் பூமுகத்தின் கீழ்ப்பகுதி, ஊட்டுப்புரையின் கீழ்த்தளம், நவராத்திரி மண்டபம், தொல்பொருள் காட்சிக்கூடம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். சக்கர நாற்காலிக்குத் தோதான இடம் அல்ல. பள்ளிகள் சுற்றுலா வரும் மாதங்களைத் தவிர்த்து, மழை ஓய்ந்த ஒரு வார நாளில், வாசல் திறந்ததுமே நுழைந்தால் அறைகளின் அமைதியும் சாளர ஒளியும் முழுமையாகக் கிடைக்கும். நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் தக்கலைக்குப் பேருந்துகள் அடிக்கடி உண்டு, அங்கிருந்து ஆட்டோ.

முடிந்தால் அரண்மனைக்கு முன்பே உதயகிரிக் கோட்டையைப் பார்த்துவிடுங்கள். 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களை மார்த்தாண்டவர்மரின் படை முறியடித்தது. அப்போது பிடிபட்ட, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய் பிறகு அதே அரசரின் படைக்குத் தளபதியாக உயர்ந்து, வீரர்களுக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி தந்து, 1777-இல் இங்கேயே இறந்தார். கோட்டைக்குள் கூரையிழந்து நிற்கும் ஒரு சிறு தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. மனைவியும் மகனும் அருகிலேயே அடங்கியிருக்கிறார்கள். கல்லறைப் பலகையில் இலத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். அரண்மனைக்குள் டிலனாய் சரணடையும் காட்சியை 20-ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றில் காண்பீர்கள். அதில் அவர் தோற்று மண்டியிடும் எதிரி மட்டுமே; அவருடைய பிந்தைய முப்பத்தைந்து ஆண்டுகளைத் தெரிந்துகொள்ள இந்தக் கல்லறைக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. வனத்துறைப் பூங்காவின் நுழைவாயிலில் தேவாலயத்துக்கு வழி கேட்டால் காட்டுவார்கள். மரங்களுக்கு இடையே சற்று நடக்க வேண்டும், குடிநீரைக் கையோடு கொண்டுபோவது நல்லது.